கூரை உள்ளவர்களின் வெயில்

ஆறு வருடங்களாகக் கூரைகளில் சூரியத் தகடு பொருத்தும் வேலை செய்கிறேன். மலாக்காவில் மின் பொறியியல் படித்துவிட்டு, கிள்ளானுக்குத் திரும்பி ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். தாமான் தாமானாகப் போய்க் கூரையை அளப்பேன். கடைசி பன்னிரண்டு மாத பில்லை வாங்கிக் கணக்குப் போடுவேன். எத்தனை பேனல், எவ்வளவு செலவு, எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று சொல்வேன். வீட்டுக்காரர்கள் கேட்பது அநேகமாக ஒன்றேதான். "கூரை ஒழுகுமா?" "மழைக்காலத்துல என்னா செய்யும்?" "பில்லு ஜீரோ ஆயிடுமாம்மா?"

வேறு மாதிரியான கேள்வி அபூர்வமாகத்தான் வரும். காப்பாரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "நான் வெளிய அனுப்புற கரண்டு யாருக்கும்மா போகுது? அத நான் குடுக்குறேனா, விக்கிறேனா?"

முதல் கேள்விக்குப் பதில் எளிது. மின்சாரம் பக்கத்தில் எங்கே தேவை இருக்கிறதோ அங்கே போகும். டீச்சர் வீட்டுக் கூரையில் பகல் 12 மணிக்கு உற்பத்தியாகி மிஞ்சுவது, தெருக் கம்பி வழியாக இரண்டு வீடு தள்ளி ஓடிக்கொண்டிருக்கும் ஏர்கோனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தேசிய மின்கட்டமைப்பு முழுவதையும் சுற்றி வரத் தேவையில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் என்னிடம் உடனே பதில் இல்லை. கல்லூரியில் அதற்குப் பாடம் இல்லை. தெனாகாவின் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் அது நியாயமான கேள்வி. ஒரு செயலுக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம் என்பதில்தான், அதனால் யார் யாருக்குக் கடன்படுகிறார்கள் என்பதும் இருக்கிறது.

கொடுப்பது என்ற சொல்லை முதலில் பார்ப்போம். எங்கள் துறையின் விளம்பரங்களுக்குப் பிடித்த சொல் அதுதான். பூமிக்குப் பரிசு, அடுத்த தலைமுறைக்குக் கொடை என்றெல்லாம் எழுதுவார்கள். கொடை என்றால் கணக்கு இருக்கக்கூடாது. இங்கே இருவழி மீட்டர் ஒன்று சுவரில் உட்கார்ந்துகொண்டு, போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரவு பகலாக எழுதிக்கொண்டிருக்கிறது. நம் கல்யாணங்களில் மண்டப வாசலில் ஒரு மாமா நோட்டோடு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான் அந்த மீட்டர். இன்னார், இன்ன ஊர், 100 ரிங்கிட். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் அது திரும்பிப் போகும். மொய் கெட்ட பழக்கம் என்று நான் சொல்லவில்லை. பல குடும்பங்கள் கல்யாணக் கடனிலிருந்து எழுந்து நின்றதே மொய்யால்தான். ஆனால் மொய் வைத்துவிட்டு யாரும் தன்னை வள்ளல் என்று சொல்லிக்கொள்வதில்லை.

2021இல் தொடங்கி 2025 நடுப்பகுதிவரை விண்ணப்பம் வாங்கிய 'நெம் ராக்யாட்' திட்டம் அப்பட்டமான மொய்க் கணக்கு. ஒரு யூனிட் அனுப்பினால் ஒரு யூனிட் கழியும். பத்து வருடத்துக்கு அந்த உறுதி உண்டு. மிஞ்சும் வரவு அடுத்த மாதத்துக்குப் போகும், பன்னிரண்டு மாதத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகும். இந்த நாட்டின் வெயிலில் 4 கிலோவாட் தகடு மாதத்துக்கு ஏறக்குறைய 400 யூனிட் தரும். பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்ட வீட்டில் ஐஸ்பெட்டியும் மீன்தொட்டியும்தான் ஓடும். மிச்சமெல்லாம் தெருவுக்குப் போகும். இரவில் எல்லாரும் வந்து ஏர்கோனைத் திறக்கும்போது அதே அளவைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

அதே அளவு என்பதில்தான் சிக்கல். பகல் 12 மணியின் ஒரு யூனிட்டும் இரவு 8 மணியின் ஒரு யூனிட்டும் ஒன்றல்ல. பகலில் ஊரெல்லாம் வெயில், எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் உற்பத்தி செய்கின்றன. இரவில் ஒரு கூரைகூட உற்பத்தி செய்யாது. அப்போது டீச்சருக்குத் திரும்பி வரும் யூனிட், ஏதோ ஓர் ஆலையில் எரிவாயுவையோ கடல் தாண்டி வந்த நிலக்கரியையோ எரித்து உண்டாக்கியது. அந்த ஆலை, அவர் சுவிட்சைத் தட்டும் நொடிக்காகத் தயாராக நிற்க வேண்டும். நிற்பதற்கும் செலவுண்டு. மாம்பழக் காலத்தில் ஒரு கூடை மாம்பழத்தைக் கடையில் கொடுத்துவிட்டு, டிசம்பரில் போய் அதே எண்ணிக்கையில் பழம் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். மீட்டர் சிரிக்காது. அதற்குப் பருவம் தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

அப்படியென்றால் விற்பனையா? ஒரு காலத்தில் அப்படி இருந்தது. 2011இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்து, செடா அமைப்பு உருவாகி, அந்த ஆண்டு டிசம்பரில் ஊட்டுக்கட்டண முறை தொடங்கியது. வீட்டுக் கூரையில் 4 கிலோவாட்டுக்குள் போட்டவர்களுக்கு யூனிட்டுக்கு அடிப்படை விலையே 1.23 ரிங்கிட். 21 வருட ஒப்பந்தம். வீட்டுக்காரர் 50 சென்னுக்கு வாங்குவார், 1.23 ரிங்கிட்டுக்கு விற்பார். இன்று கேட்டால் பைத்தியக்காரத்தனம்போலத் தெரியும். ஆனால் அன்று பேனலின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. யாராவது வாங்கத் தொடங்கினால்தான் விலை இறங்கும், தொழில் தெரிந்தவர்கள் உருவாவார்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? எல்லாருடைய மின்கட்டண பில்லிலும் ஒரு வரி இருக்கும், கவனித்திருப்பீர்கள். முதலில் 1 விழுக்காடு, 2014 முதல் 1.6 விழுக்காடு. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு அது கிடையாது. அதாவது, இது ஒரு பொதுச் செலவு, இதை இன்னார் சுமக்கிறார்கள், இன்னார் சுமக்க வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதிவைத்திருந்தார்கள். அந்த விலை நியாயமா என்று சண்டை போடலாம். ஆனால் சண்டை போடுவதற்கு ஒரு வரியாவது பில்லில் இருந்தது.

பிறகு 2016 நவம்பரில் நிகர அளவீட்டு முறை வந்தது. முதலில் மிஞ்சிய யூனிட்டுக்கு 31 சென். அதில் யாருக்கும் பெரிய ஆர்வம் வரவில்லை. 2019 ஜனவரியிலிருந்து ஒன்றுக்கு ஒன்று. இதற்காகப் பில்லில் புதிய வரி எதுவும் இல்லை. யாரிடமும் நிதி வசூலிக்கவில்லை. அதனால் இதற்கு விலையே இல்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம்.

விலை இருந்தது. ஒரு கணக்கைப் பாருங்கள். 2014 முதல் 2025 ஜூன் வரை தீபகற்பத்தில் வீட்டுக் கட்டணம் இப்படித்தான்: முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100க்கு 33.40, அடுத்த 300க்கு 51.60, அடுத்த 300க்கு 54.60, அதற்கு மேல் 57.10. எங்கள் வீடு கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடி. அம்மாவும் தம்பியும் நானும். மாதம் 250 யூனிட் போகும். வரிகளை விட்டுவிட்டால் பில் 60.30 ரிங்கிட். என் வாடிக்கையாளர் ஒருவரின் இரட்டைமாடி வீட்டில் 900 யூனிட். பில் 395.60. அவர் கூரையில் 4 கிலோவாட் போட்டு 400 யூனிட் கழிந்தால், மிச்சம் 500 யூனிட்டுக்கு 180.20. மாதம் 215.40 ரிங்கிட் மிச்சம். அதே பேனலை, அதே வெயிலில், எங்கள் வீட்டில் மாட்ட முடிந்திருந்தால் அதிகபட்சம் மிஞ்சுவது 60.30. பில்லே அவ்வளவுதான்.

ஒரே சூரியன் ஒரு வீட்டுக்கு 215 ரிங்கிட், இன்னொரு வீட்டுக்கு 60 ரிங்கிட். ஏனென்றால் அந்தப் படிக்கட்டுக் கட்டணம் ஒரு கூட்டு. இங்கே கூட்டு தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். கூட்டு நிதித் தடைச் சட்டம் 1971இலேயே வந்துவிட்டது, ஆனாலும் எங்காவது ஓர் அக்கா கூட்டுப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். மின்கட்டணக் கூட்டில், அதிகம் பயன்படுத்துபவர் 57 சென் போடுவார், அதனால் அம்மா 21.80 சென்னுக்கு எடுப்பார். சராசரி 40 சென்னை ஒட்டி நிற்கும். இப்போது மேல்படியில் இருப்பவர் பேனல் மாட்டும்போது முதலில் கழிவது அவருடைய மேல்படி யூனிட்கள்தான். அதாவது கூட்டில் அவர் அதிகமாகப் போட்டுக்கொண்டிருந்த பங்கு. அவர் கூட்டை விட்டு விலகவும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு வந்து தன் சீட்டைக் கேட்கிறார். கூட்டுப் பிடிக்கும் அக்காவிடம் இப்படிச் செய்தால் வாசலில் வந்து நின்று கத்துவார்.

இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்லாவிட்டால் நான் ஏமாற்றுவதாகிவிடும். முதலாவது, இன்றைய அளவில் இதனால் அம்மாவின் பில் ஒரு சென்கூட ஏறியதாக நான் காட்ட முடியாது. வீட்டுக் கூரைகளின் பங்கு மொத்த மின்சாரத்தில் சிறியது. கட்டணத்தைத் தீர்மானிப்பது அரசாங்கம். ஆனால் ஒரு விதி நியாயமானதா என்று பார்க்க, அதை நூறு பேர் பின்பற்றும்போது என்ன ஆகிறது என்று பார்த்தால் போதாது. கூரை உள்ள எல்லாரும் பின்பற்றினால் கூரை இல்லாதவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எதிர்க்கட்சியின் வாதம் பலமானது. என் சக பொறியாளர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப யாரும் போடாம இருந்தா நியாயமாயிடுமா? நீ நியாயத்த பாத்துக்கிட்டு இரு, அவன் நிலக்கரிய எரிச்சிக்கிட்டு இருப்பான்" என்றார். அவர் வீடு மின்னாலையிலிருந்து அதிக தூரம் இல்லை. நிலக்கரிக் கப்பல் வருவதை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். கூரையில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ ஒரு யூனிட் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. அந்தப் புகை குறைவதன் நன்மை, அடுக்குமாடியில் ஐந்தாம் மாடியில் இருப்பவருக்கும் வருகிறது. இன்னும் சொல்லப்போனால், ஆரம்பத்தில் காசு போட்டவர்களால்தான் இன்று பேனல் இவ்வளவு மலிவு. நியாயத்தைக் காரணம் காட்டி ஒரு நல்ல காரியத்தை நிறுத்திவைப்பதும் அநியாயம்தான். இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. மறுக்கவும் விரும்பவில்லை. என் கேள்வி பேனல் போடலாமா என்பதல்ல. போட்டவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பது.

ஜான் லாக் 1689இல் வெளியிட்ட அரசியல் நூலில் ஒரு நிபந்தனை வைக்கிறார். பொதுவில் இருக்கும் ஒன்றை ஒருவன் தன் உழைப்பால் தனக்குச் சொந்தமாக்கிக்கொள்ளலாம், ஆனால் மற்றவர்களுக்கும் போதுமான அளவில், அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறார். வெயில் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். என் கூரையில் விழும் வெயிலை நான் பிடித்துக்கொள்வதால் பக்கத்து வீட்டுக்கு ஒரு துளி குறையாது. சூரியனை வைத்து இதைவிட நேர்மையான சொத்து உலகில் இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

கம்பி தேறாது. அங்கேதான் நான் வேலையில் நேரடியாகப் பார்ப்பது வருகிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பத்து விழுக்காடு கூடலாம், அதாவது 253 வரை. ஒரு நீண்ட தெருவில் பல வீடுகள் ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கம்பிக்குள் தள்ளினால் வோல்ட் ஏறும். தெருக்கோடியில், மின்மாற்றியிலிருந்து தூரத்தில் இருக்கும் வீட்டில் அதிகமாக ஏறும். எல்லையைத் தாண்டினால் அந்த வீட்டு இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். உச்சி வெயிலில், நல்ல உற்பத்தி நேரத்தில், பேனல் சும்மா கிடக்கும். முதலில் போட்டவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கடைசியாகப் போட்டவர், கோடியில் இருப்பவர், அவர்தான் இழப்பார். வெயிலுக்கு எல்லை இல்லை. அதைச் சுமக்கும் கம்பிக்கு எல்லை உண்டு. ஆகவே வீட்டுக்காரர் உண்மையில் எடுத்துக்கொள்வது வெயிலை அல்ல, கம்பியில் ஓர் இடத்தை. பேருந்தில் ஜன்னலோர இருக்கைபோல, அது முதலில் ஏறியவருக்கு.

அந்தக் கம்பி யாருடையது? தெனாகாவுடையது என்பது சட்டப்படியான பதில். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். மலாயாவில் பதிவான முதல் மின்னுற்பத்தி 1894இல் ராவாங்கில். லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க மின்பம்பு வைத்தார்கள். பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்ட அதே தம்புசாமிப் பிள்ளைதான். நம்மவர் ஒருவர் அந்தக் கதையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறார் என்று பெருமைப்படலாம். ஆனால் அந்த மின்சாரம் சுரங்க முதலாளிக்குச் சொந்தமானது. சுரங்கத்துக்காக ஓடியது.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். அவர் மின்சாரத்தைக் கடைசிவரை லெட்ரிக் என்றுதான் சொல்வார். "சாயந்தரம் ஆறரைக்கு இஞ்சின் போடுவாங்க. பத்து மணிக்கு நிப்பாட்டிருவாங்க. லயம் பூரா இருட்டு. தொரை பங்களாவுல மட்டும் எரியும்." பிள்ளைகள் பத்து மணிக்குள் வீட்டுப்பாடத்தை முடிக்க வேண்டும், முடியாவிட்டால் மண்ணெண்ணெய் விளக்கு. இதில் பாட்டிக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இஞ்சின் தோட்டத்துடையது, அவர்கள் நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். பொதுக் கம்பி வந்த பிறகுதான், பத்து மணிக்கு மேலும் விளக்கு எரிவது யாருடைய தயவும் இல்லை என்றானது. பில் கட்டினால் எரியும். துரைக்கும் பாட்டிக்கும் ஒரே கம்பி.

அந்த ஒரே கம்பி என்பதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். 1949இல் மத்திய மின்சார வாரியம் உருவானது முதல், தேசிய மின்சார வாரியமாகி, 1990இல் தெனாகா நேஷனலாக ஆனது வரை, அந்தக் கம்பியைக் கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் புதுக்கிராமத்துக்கும் இழுத்த செலவு பல லட்சம் சிறிய பில்களிலிருந்தும் பொதுப் பணத்திலிருந்தும் வந்தது. 20 ரிங்கிட், 30 ரிங்கிட் என்று வரிசையில் நின்று கட்டிய பில்கள். இன்று இரட்டைமாடி வீட்டுக்காரர் பகலில் போட்டு இரவில் எடுக்கும் பெட்டகம் அதுதான். அவர் பாட்டரி வாங்கவில்லை. என் பாட்டி கட்டிய பில்கள்தான் அவருக்குப் பாட்டரி.

ஆக, டீச்சரின் கேள்விக்கு என் பதில் இது. நீங்கள் கொடுக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. வைக்கிறீர்கள், எடுக்கிறீர்கள். வைக்கும் இடம் எல்லாருடையது. அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் வைக்க இடம் தந்தவர்களுக்கு ஏதோ ஒன்று திரும்பப் போக வேண்டும். பில் பட்டுவாடா செய்யவந்தபோது அவரிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். "வாடகன்னு சொல்லேன்" என்றார். அதுதான் நான் தேடிக்கொண்டிருந்த சொல்.

திருக்குறளில் ஒப்புரவு ஓர் அதிகாரம், ஈகை அதற்கு அடுத்த அதிகாரம். இரண்டையும் வள்ளுவர் ஒன்றாகக் கலக்கவில்லை. ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது, அங்கே கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. ஒப்புரவு ஊரோடு சேர்ந்து வாழ்வதன் கடமை. வீட்டுச் சூரிய மின்சாரத்தை ஈகையாகப் பேசுவதால்தான் வாடகை கேட்டால் கோபம் வருகிறது. ஒப்புரவாகப் பேசினால் அது இயல்பான கணக்கு.

அந்தக் கணக்கு இப்போது மெல்ல வெளியே வருகிறது. 2025 ஜூலையிலிருந்து பில்லைப் பிரித்துக் காட்டுகிறார்கள். மாதம் 1500 யூனிட் வரை, ஆற்றலுக்கு 27.03 சென், ஆலைகள் தயாராக நிற்பதற்கு 4.55, கம்பிக்கு 12.85. மொத்தம் 44.43 சென். குறைவாகப் பயன்படுத்துவோருக்குத் தனிக் கழிவு உண்டு. ஒன்றுக்கு ஒன்று என்ற பழைய முறையில் வீட்டுக்காரருக்கு முழு 44.43 சென்னும் கழிந்தது, அவர் அனுப்பியது 27.03 சென் பெறுமானமுள்ள ஆற்றலை மட்டும் என்றாலும். 2026 ஜனவரியில் வந்த சோலார் ஏ.தாப் திட்டத்தில் மிஞ்சிய யூனிட்டுக்கு ஆற்றலின் விலை மட்டுமே கழியும், மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகாது. எங்கள் துறையில் இதற்குப் பெரிய முணுமுணுப்பு. என் விற்பனையும் குறையலாம். ஆனால் 17.40 சென் என்று ஒரு எண்ணைக் காட்டி, இது நிற்பதற்கும் நடப்பதற்கும் ஆகும் வாடகை என்று சொல்ல முடிவது நல்லது. மறைந்திருக்கும் சுமையைவிட எழுதிவைத்த சுமையைப் பற்றித்தான் பேச முடியும்.

வாடகை வாங்குவது பாதி நியாயம்தான். மறுபாதி, கூரை இல்லாதவர்களுக்கு வெயிலில் பங்கு உண்டா என்பது. 2024இல் அரசாங்கம், பேனல் போடும் வீடுகளுக்குக் கிலோவாட்டுக்கு 1000 ரிங்கிட் வீதம் அதிகபட்சம் 4000 ரிங்கிட் கழிவு கொடுத்தது. நான் அதை வைத்து நிறைய வீடுகளை முடித்தேன். நல்ல திட்டம். ஆனால் அதைப் பெற முதலில் ஒரு சொந்தக் கூரையும், பிறகு பல ஆயிரம் ரிங்கிட் கையிருப்போ கடன் தகுதியோ வேண்டும். பொதுப் பணம், ஏற்கெனவே கூரை உள்ளவரின் கூரைக்குப் போனது.

வேறு வழி இருப்பதற்கு ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் போதும். சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் வீவக அடுக்குமாடிகளின் கூரைகளில் பேனல்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அந்த மின்சாரம் எந்தத் தனி வீட்டுக்கும் போவதில்லை. மின்தூக்கி, தாழ்வார விளக்கு, தண்ணீர்ப் பம்பு இவற்றுக்குப் போகிறது. மிஞ்சுவது கட்டமைப்புக்குப் போகிறது. மூன்றாம் மாடிக்காரரும் பன்னிரண்டாம் மாடிக்காரரும் அதே மின்தூக்கியில்தான் ஏறுகிறார்கள். அங்கே கூரை யாருடையது என்ற கேள்வி எழுவதற்கு முன்பே அது எல்லாருடையது என்று முடிவாகிவிட்டது. அது ஓர் அரசாங்கமே கட்டி, அரசாங்கமே பராமரிக்கும் ஊர் என்பதால் முடிகிறது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் கூரையைப் பொதுவாக நினைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு சாட்சி ஒவ்வொரு இன்வெர்ட்டருக்குள்ளும் இருக்கிறது. போன வருடம் ஒரு தாமானில் புயலில் மரம் விழுந்து தெரு முழுவதும் இருட்டு. பேனல் போட்ட வீட்டுக்காரர் ஒருவர் எனக்குக் கூப்பிட்டுக் கத்தினார். "என்னம்மா இது, வெயில் அடிக்குது, மேல பேனலு இருக்கு, வீட்ல கரண்டு இல்ல? பக்கத்து வீட்டுக்காரன் சிரிக்கிறான்." நான் விளக்கினேன். தெருக் கம்பியில் மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரும் உடனே நிற்க வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் உங்கள் கூரையிலிருந்து போகும் மின்சாரம், கம்பி செத்துவிட்டது என்று நம்பி மேலே ஏறியிருக்கும் தொழிலாளியைக் கொன்றுவிடும், அங்கிள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமா, ரெண்டு பேரு மேலதான் நிக்கிறாங்க" என்றார்.

முகம் தெரியாத ஒருவருக்காக, உன்னிடம் வெளிச்சம் இருந்தாலும் நிறுத்து என்று ஒரு கருவிக்குள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை யாரும் தியாகம் என்று சொல்வதில்லை. சலுகை கேட்பதும் இல்லை. ஒரே கம்பியில் தொங்குபவர்களுக்கு அது சாதாரண ஒழுங்கு. தனியாகப் பிரிந்து எரியவேண்டும் என்றால் பாட்டரியும், தெருவிலிருந்து துண்டிக்கும் சாதனமும் வாங்கிக்கொள்ளலாம். காசு உள்ளவர்கள் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருநாள் தெரு இருண்டாலும் சில வீடுகள் மட்டும் எரியும். பாட்டியின் லயத்திலிருந்து பார்த்தால் அந்தக் காட்சி புதிதல்ல.

எங்கள் அடுக்குமாடி ஐந்து மாடி. மின்தூக்கி கிடையாது. பொது மீட்டரில் ஓடுவது படிக்கட்டு விளக்கும் தண்ணீர்ப் பம்பும்தான். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி எங்களுக்கும் ஒரு நிர்வாகக் குழு உண்டு, பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்ப்பட்டியல் ஒட்டுவதற்கு வெளியேயும் அதற்கு வேலை உண்டு. சென்ற மாதக் கூட்டத்தில் ஒரே ஒரு தாள் வைத்தேன். பம்பை ராத்திரியில் ஓடவிடாமல் பகலில் ஓடவிடலாம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியே நமக்குப் பாட்டரி. தெருவுக்கு அனுப்பித் திரும்ப வாங்கும் கணக்கே அதிகம் வேண்டியதில்லை. மிஞ்சும் காசு பராமரிப்புக் கட்டணத்தில் கழியும், எல்லா வீட்டுக்கும் சமமாக.

தொழில்நுட்பத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு தாமானில் இருக்கும் ஒரு மாமா, "நான் இங்க இல்லையே, இதுல எனக்கு என்னா?" என்றார். ஐந்தாம் மாடி ஆண்ட்டி எழுந்து, "போல்ட்டு போடுறது என் தலைக்கு மேல. ஒழுகினா யாரு பாக்குறது? எல்லாருமா, நானா?" என்று கேட்டார். மாமாவின் கேள்விக்குக் குழுவில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஆண்ட்டியின் கேள்விக்குக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்கு அது இந்தக் கட்டுரை முழுவதையும்விடச் சரியான கேள்வியாகப் பட்டது. பலன் எல்லாருக்கும் என்றால் ஒழுகலும் எல்லாருக்கும்தானே.

கூட்டக் குறிப்பில், கூரை பழுதுக்கென்று தனி நிதி ஒதுக்காமல் பேனல் போடக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். விலைப்பட்டியல் வாங்கி வர மூன்று பேர் நியமனம். ஒருவர் நான், ஒருவர் பொருளாளர், மூன்றாவது ஐந்தாம் மாடி ஆண்ட்டி. சனிக்கிழமை காலையில் மழை இல்லாவிட்டால் மேலே ஏறி அளக்கப் போகிறோம். ஏணி என்னுடையது, பிடித்துக்கொள்வது தான்தான் என்று ஆண்ட்டி சொல்லியிருக்கிறார்.